பச்சை மை தீர்ந்த பிறகு

இந்த வாரத் தியானப் பகுதி: 1 சாமுவேல் 12:1–5, 19–25



சில வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, ஜெபக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்து சென்ற பின்பும் ஒரு சகோதரர் மட்டும் ஆலயத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தார். அவரை அறியாதவர் நம் சபையில் இல்லை. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 35 ஆண்டுகள் பணி செய்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். இன்று நான் எழுதுவது அவருடைய கதை. ஒரு பகுதி என்னுடைய கதையும் கூட. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். சபையிலும் வெளியிலும் ஓய்வு பெற்றவர்களும், பணியை விட்டு வேறு பணிக்குச் சென்றவர்களும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது பயன்படும் என்று அவரே சொன்னார்.

நம் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதனால் நம் சகோதரருக்கு எதிர்பாராமல் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. அந்த இரண்டு ஆண்டுகளும் முடிந்து, ஒரு மாதத்தின் கடைசி நாளில் மாலையும் சால்வையுமாக அவரை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் குளித்து, சலவைச் சட்டை அணிந்து, திண்ணையில் வந்து அமர்ந்தார். வாகனம் வரவில்லை. "வராது என்று எனக்குத் தெரியும் ஐயா. ஆனால் காதுக்குத் தெரியவில்லை" என்று அவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது.

ஓராண்டுக்கு மேல் வீட்டில் இருந்தார். பிறகு தருமபுரி நகரிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் நிர்வாக அலுவலர் என்ற பொறுப்பு வந்தது. நல்ல சம்பளம். வீட்டாரும் மகிழ்ந்தனர். நானும் அவருக்காக ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தேன்.

புதிய அலுவலகத்தின் முதல் நாட்களைப் பற்றி அவர் சொன்னபோது இருவரும் சிரித்தோம். நாற்காலியில் அமர்ந்ததும் அவருடைய வலது கை மேசையில் மணியைத் தேடியதாம். மணியும் இல்லை, அழைத்தால் வருகிற அலுவலக உதவியாளரும் இல்லை. தேநீர் வேண்டுமென்றால் எழுந்து போய்த் தாமே இயந்திரத்திலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து கிடையாது. வாசலில் விரலை வைக்க வேண்டும். பல ஆண்டுகள் காகிதம் புரட்டித் தேய்ந்த அவருடைய விரல் ரேகையை அந்தக் கருவி மூன்று நாட்கள் ஏற்கவில்லை. மேலாளராக இருந்த தம்பிக்கு அவருடைய மூத்த மகனின் வயது. ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று அந்தத் தம்பி கேட்க, நம் சகோதரர் வழக்கம்போல் பொருள், பார்வை என்று தலைப்பிட்டு, பார்வையில் காணும் கடிதத்தின்மீது கவனம் ஈர்க்கப்படுகிறது என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தம்பி மரியாதையோடு வாசித்துவிட்டு, "சார், இதைப் பார்த்தால் நமக்கே நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கிறது. இரண்டு வரியில் மெயில் போட்டால் போதும்" என்றார்.

இவையெல்லாம் பழகிவிடக்கூடிய சங்கடங்கள். பழகாத ஒன்று இருந்தது. பழைய அலுவலகத்தில் கோப்பு அவரைத் தேடி வரும். மனிதர்களும் அவரைத் தேடி வருவார்கள். புதிய இடத்தில் யாரும் அவரைத் தேடவில்லை. பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றுக்கும் எல்லைத் தகராறுக்கும் நாள்தோறும் ஐம்பது பேர் "ஐயா" என்று அழைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை இப்போது அழைப்பார் இல்லை. "என் பெயரையே மறந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. இத்தனை ஆண்டுகள் என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை" என்றார். அந்த வார்த்தையில் பெருமை இல்லை, துக்கம்தான் இருந்தது.

பிரியமானவர்களே, பழகிய பணியையும் இடத்தையும் விட்டுச் செல்லும் துக்கம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரி அனுப்பப்பட்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவராக வந்தவர் தாமஸ் மன்றோ. ஏழு ஆண்டுகள் இந்தப் பகுதியில் பணி செய்தார், தருமபுரியில் தங்கினார், ஒரு தோட்டம் போட்டார். குடியானவரோடு அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இந்தச் சீமையில்தான் உருப்பெற்றது. இன்று நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தியின் பின்னணியில் அந்த நாட்களின் நிழல் உண்டு. 1799இல் மன்றோவைக் கன்னடக் கடற்கரைக்கு மாற்றினார்கள். விருப்பமில்லாமல்தான் போனார். நெடுநாள் நண்பனைப் பிரிவதுபோல் அந்தத் தோட்டத்தைப் பிரிந்ததாகக் கடிதம் எழுதினார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராகவே உயர்ந்த ஒருவருக்கும் ஒரு தோட்டத்தை விட்டுப் போவது கடினமாக இருந்திருக்கிறது.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிவதற்கு முன் நம் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்த தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். நாட்டில் அதற்கு மேல் ஒரு நாற்காலி இல்லை. அந்தப் பதவியே முடிவுக்கு வந்தபின், அதே ஆண்டில் நேருவின் அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சராகச் சேர்ந்தார். பிறகு உள்துறை, 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். அவருடைய அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. ஆனால் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கித் தாழ்ந்த நாற்காலியில் அமர ஒரு மனிதரால் முடியும் என்பதற்கு அவர் சாட்சி. நாற்காலி சிறியதானாலும் வேலை வேலைதான் என்று எண்ணியிருக்க வேண்டும்.

இவற்றைச் சொல்லி நான் சகோதரரைத் தேற்றத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நான் அழ வந்தது அதற்காக அல்ல" என்றார். அதன்பின்தான் உண்மையான காரியத்தைச் சொன்னார்.

புதிய வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம், நிறுவனத்தின் உரிமையாளர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு நிலத்தின் உட்பிரிவுப் பட்டா பல மாதங்களாக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவையில் இருந்தது. அது நம் சகோதரர் கடைசியாகப் பணி செய்த அலுவலகம். "நீங்கள் ஒரு நடை போய் வந்தால் போதும். உங்களைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள்" என்றார் உரிமையாளர். மேசைமேல் புதிதாக அச்சிட்ட அறிமுக அட்டைகள் இருந்தன. அவற்றில் சகோதரரின் பெயருக்குக் கீழே நிர்வாக அலுவலர் என்று சிறிய எழுத்திலும், வட்டாட்சியர் (ஓய்வு) என்று பெரிய எழுத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. தம்மை எதற்காக வேலைக்கு எடுத்தார்கள் என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு விளங்கியது.

போனார். ஒரு திங்கட்கிழமை. உரிமையாளர் சொன்னபடியே நடந்தது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட உதவியாளர்கள் எழுந்து நின்றார்கள். உள்ளே அழைத்தார்கள். தேநீர் வந்தது. பல மாதங்களாகக் கிடைக்காத கோப்பு பத்து நிமிடத்தில் கிடைத்தது. இந்த வாரமே நில அளவர் வருவார் என்றும் சொன்னார்கள். மனத்துக்குள் ஒரு இனிப்பு ஊறியதாக அவர் மறைக்காமல் சொன்னார். தாம் இன்னும் மறக்கப்படவில்லை என்ற இனிப்பு.

திரும்பி வரும்போது, வராந்தாவில் தரையில் அமர்ந்திருந்தவர்களில் ஒரு மூதாட்டி அவரைக் கண்டு எழுந்தார். இரு கைகளையும் கூப்பினார். மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஒரு காகித நகலை நீட்டினார்.

"சாமி, போன வருசத்துக்கு முந்தின வருசம் உங்க கையிலதான் குடுத்தேன். நீங்க கூட பச்சையில எழுதிக் குடுத்தீங்களே. இன்னும் ஒண்ணும் ஆவலைங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். அது அவருடைய கையெழுத்துதான். விதிகளுக்குட்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கவும் என்று பச்சை மையில் அவரே எழுதி, சுருக்கொப்பமிட்டு, பிரிவுக்கு அனுப்பிய மனு. அந்த வரியை அவர் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மனுக்களில் எழுதியிருப்பார். எழுதியதும் தம் கடமை முடிந்தது என்றே எண்ணியிருந்தார். அந்த அம்மாவுக்கோ அந்த வரி ஒரு வாக்குத்தத்தம். அதை வைத்துக்கொண்டு அவர் இத்தனை காலமும் திங்கட்கிழமைதோறும் வந்து அதே தரையில் அமர்ந்திருக்கிறார். தாம் ஓய்வு பெற்றுவிட்டோம் என்று சொல்லக்கூட சகோதரருக்கு வாய் வரவில்லை. "இப்பவாச்சும் சொல்லுங்க சாமி" என்று அந்த அம்மா கேட்டார். அவருடைய சட்டைப்பையில் இருந்ததோ நிறுவனம் கொடுத்த நீல மைப் பேனா.

"நான் லஞ்சம் வாங்கியதில்லை ஐயா. கர்த்தருக்குத் தெரியும். ஆனால் பத்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது அந்த அம்மாவுக்கு இரண்டு வருடத்தில் கிடைக்கவில்லை. அதுவும் நான் அந்த நாற்காலியில் இருந்தபோதே கிடைக்கவில்லை. இந்த வேலையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, ஒரு போதகர் இப்படிப்பட்ட நேரத்தில் உடனே பதில் சொல்லுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எனக்கும் ஒரு மூதாட்டி உண்டு.

உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும்; நான் இறையியல் கல்லூரிக்குப் போவதற்கு முன் நான்கு ஆண்டுகள் அரசு ஊழியத்தில் இருந்தேன். 1992இல் இந்த மாவட்டத்திலேயே ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். உதவித்தொகை மனுக்கள் என் பிரிவில் இருந்தன. மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விதவைத் தாய் மனுவோடு வந்தார். மனுவில் ஓரிடத்தில் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து விடுபட்டிருந்தது. அந்தக் கிராம நிர்வாக அலுவலர் அன்றைக்கு ஒரு கூட்டத்துக்காக அடுத்த அறையில்தான் இருந்தார். நான் எழுந்து போய் வாங்கியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. "கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை வாருங்கள்" என்றேன். அடுத்த திங்கட்கிழமை வந்தார். வேறொரு குறை கண்டேன். அதற்கடுத்த வாரமும் வந்தார். அன்று நான் தன்பதிவேடு எழுதி முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். அவர் ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. நான்காம் வாரம் அவர் வரவில்லை. அதன்பின் வரவேயில்லை.

1996இல் நான் வேலையை ராஜினாமா செய்து மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, அலுவலகத்தில் எனக்கும் ஒரு பிரிவுபசார விழா நடத்தினார்கள். அரசு வேலையை உதறிவிட்டுக் கர்த்தருடைய ஊழியத்துக்குப் போகிறான் என்று எல்லாரும் பாராட்டினார்கள். நான் என்ன பேசினேன் தெரியுமா? இன்று நீங்கள் வாசித்த அதே பகுதியைத்தான் எடுத்துப் பேசினேன். சாமுவேல் எல்லா இஸ்ரவேலருக்கும் முன்பாக நின்று கணக்கு ஒப்புவித்த அதே பகுதி. சாமுவேலைப்போல நானும் யாருடைய எருதையும் கழுதையையும் எடுத்ததில்லை என்று பெருமையோடு சொன்னேன். கைதட்டினார்கள்.

சாமுவேலின் அந்தப் பிரிவுரையை மறுபடியும் கவனித்துப் பாருங்கள். ஐந்து கேள்விகள் கேட்கிறார். எருதைப் பற்றி ஒன்று, கழுதையைப் பற்றி ஒன்று, அநியாயத்தைப் பற்றி ஒன்று, ஒடுக்குதலைப் பற்றி ஒன்று, லஞ்சத்தைப் பற்றி ஒன்று. ஜனங்கள் அவர்மேல் குற்றம் இல்லை என்று சாட்சி கொடுக்கிறார்கள். ஆனால் அந்த உரையின் இரண்டாம் வசனத்தில், தம் குமாரர் ஜனங்களோடு இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்து போகிறார். அந்தக் குமாரர்கள் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்று எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தம் கைகளைப் பற்றி நெஞ்சை நிமிர்த்திப் பேசிய பெரியவருக்கும், வாய் திறந்து பேச முடியாத ஒரு பக்கம் இருந்தது. நம் ஒவ்வொருவரின் பணிப் பதிவேட்டிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது.

அன்று இரவு, ஆலயத்தின் கடைசி இருக்கையில் சகோதரரோடு அமர்ந்திருந்தபோது, நான் கேட்டுக்கொள்ளத் தவறிய ஆறாவது கேள்வி எனக்குத் தெரிந்தது. யாருடைய நாளை நான் எடுத்துக்கொண்டேன்?

எருதைத் திருடியவன் எருதைத் திருப்பிக் கொடுக்கலாம். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். தம்மிடம் ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுக்க ஆயத்தமாயிருப்பதாகச் சாமுவேலும் சொன்னார். ஒரு ஏழை விதவையின் மூன்று திங்கட்கிழமைகளை எடுத்துக்கொண்டவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்? நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு நாள் என்பது நாட்காட்டியில் ஒரு தாள். தரையில் அமர்ந்திருப்பவருக்கு நாள் என்பது அடுப்பில் வேகவேண்டிய களி. இந்த வேறுபாட்டை நாங்கள் இருவரும் நாற்காலியில் இருந்தவரை அறியவில்லை.

நம் மொழியில் ஒரு அருமையான காரியம் உண்டு. அரசு வேலைக்கும் ஊழியம் என்கிறோம். ஆண்டவருடைய வேலைக்கும் ஊழியம் என்கிறோம். அரசு ஊழியர், சபை ஊழியர். இரண்டிலும் ஒரே சொல். அரசு ஊழியத்தை விட்டு ஊழியத்துக்குப் போகிறேன் என்று 1996இல் நான் பேசியபோது, விட்டதும் ஊழியம்தான் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து தாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, அவர் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வசூலிக்க வேண்டாம் என்றே சொன்னார். அந்த நாற்காலியிலும் தேவனுக்கு ஊழியம் செய்ய இடம் இருந்தது.

வேறொரு ஆயக்காரரை ஆண்டவர் எழுப்பி அழைத்துச் சென்றதையும் நாம் அறிவோம். ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயு. பேதுருவும் மற்றவர்களும் வலைகளை விட்டு வந்தார்கள். ஆனால் உயிர்த்தெழுதலுக்குப் பின்னும் அவர்களால் ஓர் இரவு படகேறி மீன்பிடிக்கப் போக முடிந்தது. மத்தேயுவுக்கு அப்படியல்ல. எழுந்த மறுகணமே அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருப்பார். அரசு வேலையை விட்டவருக்கு இது நன்றாகப் புரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்கும் லூக்காவும் அப்போஸ்தலர்களின் பட்டியலைத் தரும்போது வெறுமனே மத்தேயு என்கிறார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் மட்டும் அந்தப் பெயரோடு ஆயக்காரன் என்ற பழைய பதவி சேர்ந்து நிற்கிறது. மற்றவர்கள் மறைத்துக் காத்ததை அவர் சுவிசேஷம் மறைக்கவில்லை. தாம் எவ்வளவு மன்னிக்கப்பட்டவர் என்பதற்கு அடையாளமாகவே அந்தப் பெயர் அங்கே நிற்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

"அண்ணா, அந்த அட்டையில் இருக்கிற முன்னாள் பதவியை நீங்கள் எதற்காக வைத்திருக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு இருவரும் முழங்காலிட்டோம்.

வேலையை விடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. விடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. முடிவை அவரே எடுத்தார். மறுநாள் உரிமையாளரிடம் போய், நிறுவனத்தின் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது, மனுக்களைக் குறையில்லாமல் தயாரிப்பது, எண் பெற்று முறைப்படி தொடர்வது, இவையெல்லாம் தம் வேலை என்றும், உள்வாசல் வழியாகப் போய்க் கோப்பை முன்னுக்கு இழுப்பது தம் வேலை அல்ல என்றும் சொல்லிவிட்டார். அட்டைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்படியானால் உங்களை எதற்கு நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்?" என்ற கேள்வி வந்தது. இதுவரை வெளியே அனுப்பவில்லை. ஆனால் பேசிய சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். இந்த ஆண்டு முடிந்தபின் அந்த வேலை தொடருமா என்பது தெரியாது. மகளுடைய திருமணக் கடன் இன்னும் முடியாத வீட்டில் அது சிறிய காரியம் அல்ல. அந்த அம்மையாரும் மனத்தாங்கல் கொண்டிருக்கிறார். அவர்கள் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், அதன்பின்தான் அந்த அலுவலகம் அவருக்குப் பழகத் தொடங்கியது. தேநீரை எழுந்து போய்த் தாமே பிடித்துக்கொள்வதில் இப்போது அவருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. மேலாளர் தம்பி அவருக்கு மெயில் அனுப்பக் கற்றுத் தருகிறார். அ-பதிவேட்டையும் அடங்கலையும் எப்படி வாசிப்பது என்று இவர் தம்பிக்குக் கற்றுத் தருகிறார். முன்பு மற்றவர்கள் தமக்காக எழுந்து நிற்பதை வைத்துத் தம் மதிப்பை அளந்துகொண்டிருந்தவர், அந்த அளவுகோலையே கீழே போட்டுவிட்டார்.

அந்த மூதாட்டியையும் அவர் தேடிக் கண்டுபிடித்தார். காரியத்தை முழுவதும் கேட்டபோது, நிலம் இன்னும் அவருடைய மாமனார் பெயரில் இருப்பதும், வாரிசுச் சான்று இல்லாமல் எந்த வட்டாட்சியராலும் அந்த மனுவில் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதும் தெரிந்தது. "இதை நான் அன்றைக்கே ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் போதும் ஐயா. அதற்குப் பதிலாக நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதினேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இப்போது இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போடப்பட்டிருக்கிறது. விசாரணை நாளில் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அம்மாவோடு போனார். பழைய உதவியாளர்கள் உள்ளே வரச் சொன்னார்கள். "என் முறை வரட்டும்" என்று சொல்லி, வராந்தாவில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். நான்கு மணி நேரம். தாம் பல ஆண்டுகள் பணி செய்த கட்டடத்தின் வராந்தாவில் பிற்பகலில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்ததாகச் சொன்னார். சான்று இன்னும் வரவில்லை. வந்தாலும் அதன்பின் பட்டா மாறுதல் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா இனித் தனியாகப் போகமாட்டார்.

இப்போது சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை நம் ஆலய வராந்தாவில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். சகோதரர் அமர்ந்து, யார் வந்தாலும், எந்த மதத்தவரானாலும், மனு எழுதிக் கொடுக்கிறார். எந்தக் காகிதம் வேண்டும், எங்கே போக வேண்டும், எது நடக்கும், எது நடக்காது என்று சொல்லிக் கொடுக்கிறார். யாருக்கும் பரிந்துரைக் கடிதம் தருவதில்லை. யாரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் நான் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இறையியல் பட்டம் பெற்ற பிறகு மறுபடியும் இளநிலை உதவியாளன் ஆகிவிட்டேன் என்று சபையார் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அன்றைக்கு எழுந்து அடுத்த அறைக்குப் போகாத அந்த இரண்டு நிமிடத்துக்காக, இனி என் சனிக்கிழமைகளைக் கொடுக்கிறேன். எடுத்துக்கொண்ட நாளைத் திருப்பிக் கொடுக்க, நம்முடைய நாளைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்த அந்தத் தாயை இனி நான் காணப்போவதில்லை. அவருக்குச் சேரவேண்டியது, வராந்தாவில் எதிரே வந்து அமர்கிறவருக்காவது சேரட்டும்.

சாமுவேலின் பிரிவுரை ஐந்தாம் வசனத்தோடு முடியவில்லை என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்தான் கவனித்தேன். அன்றைக்கு நான் அங்கேயே நிறுத்திவிட்டேன்; கைதட்டல் கிடைக்கிற இடம் அது. 23ஆம் வசனத்தில், பொறுப்பு அரசனிடம் போய்விட்ட பின்னும் தமக்கு இரண்டு வேலைகள் மீதி இருப்பதாகச் சாமுவேல் சொல்லுகிறார். ஜனங்களுக்காக ஜெபிப்பதை விட்டுவிடுவது கர்த்தருக்கு விரோதமான பாவமாக இருக்கும் என்கிறார். நல்ல வழியைத் தொடர்ந்து அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதாகவும் சொல்லுகிறார். நாற்காலி போன பின்பும் ஜெபிக்கலாம். பச்சை மை தீர்ந்த பின்பும் வழி சொல்லிக் கொடுக்கலாம். இந்த இரண்டு ஊழியத்துக்கும் ஓய்வு வயது கிடையாது.

இந்த வாரத்தில், பழைய பணியை விட்டுப் புதிய இடத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களைப் பதவி சொல்லி அழைத்தவர்கள் மறந்துபோகலாம். உங்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் மறப்பதில்லை. இப்போதும் பணியில் இருக்கும் பிரியமானவர்களே, நாளைக் காலை உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவரின் முகத்தைப் பாருங்கள். அவர் எந்தப் பேருந்தில் வந்தார் என்று கேளுங்கள். அவருடைய நாள் உங்கள் கையில் இருக்கிறது.

ஜெபம்: எங்கள் நாட்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிற ஆண்டவரே, நாங்கள் அமர்ந்திருந்த நாற்காலிகளுக்காக உமக்கு நன்றி சொல்லுகிறோம். அவற்றில் அமர்ந்து நாங்கள் பிறருடைய நாட்களை எடுத்துக்கொண்டதை எங்களுக்கு மன்னியும். பணி முடிந்து வெறுமையாய் உணருகிறவர்களைப் பெயர் சொல்லி அழைத்தருளும். புதிய இடத்தில் நேர்மையோடு நிற்கிறவர்களின் அப்பத்தைக் காத்தருளும். வராந்தாக்களில் காத்திருக்கிற உம்முடைய ஜனங்களோடு எங்களையும் உட்காரப் பண்ணும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபம் கேளும் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்